சென்னைல ஓடிப் பழகினவ லே மாரத்தான் ஓட முடியுமா? மூணு நாள் முன்னாடி போனா போதுமா?

மேடவாக்கம் மைனா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவ கேக்கறேன், தப்பா எதாவது இருந்தா மன்னிச்சிக்கோங்க. வயசு 43. நாலு வருஷமா ஓடறேன், மேடவாக்கத்துல இருந்து பள்ளிக்கரணை பக்கம் காலைல 5 மணிக்கு, ஞாயித்துக்கிழமைனா ஈசிஆர். ஜனவரில சென்னை மாரத்தான் ஃபுல் 4:35ல முடிச்சேன். அந்த சந்தோஷத்துல கொஞ்சம் ஓவரா போய் செப்டம்பர்ல லடாக் மாரத்தான் ஃபுல்லுக்கு பதிவு பண்ணிட்டேன், காசும் கட்டியாச்சு. இப்பதான் பயம் வருது.

ஓட்டம் நடக்கற லே 3,500 மீட்டர் உயரம்னு சொல்றாங்க, எனக்குத் தெரிஞ்ச மலைனா ஊட்டிதான், அதுவே 2,240 மீட்டர்தான். ஆஃபீஸ்ல லீவு கேட்டா மூஞ்சிய தூக்கறாங்க, அதனால வியாழக்கிழமை காலைல ஃப்ளைட்ல போய் எறங்கி, ரெண்டு நாள் ஊர் சுத்திப் பாத்துட்டு, ஞாயிறு ஓடிட்டு திங்கள் கிளம்பிடலாம்னு பிளான். வீட்டுக்காரரும் வர்றார், அவர் ஓடமாட்டார், ஃபோட்டோ எடுப்பார். இது போதுமா? உயரம் ஒத்துக்கறதுக்கு டயமாக்ஸ்னு ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்னு எங்க ரன்னிங் குரூப்ல ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அதெல்லாம் வேணாம், பூண்டு சாப்பிடுங்கறார். அப்புறம் ட்ரெய்னிங். சென்னைல மேடுனு பாத்தா ஃப்ளைஓவர்தான் இருக்கு, அதுல ஏறி எறங்கினா பயிற்சி ஆகுமா? நேர்ல போய் ஓடினவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

---

கோயமுத்தூர் குருவி:
அக்கா, உங்க பிளான படிச்சதும் எனக்கு வயித்த கலக்கிருச்சுங்க, ஏன்னா 2018ல நானும் இதே பிளான்லதான் போனேன், இன்னும் மோசம்னே சொல்லலாம்.

அப்ப நான் கோவைல ஃபுல் 3:40ல ஓடற ஆளு, உடம்புல கொழுப்பும் இல்ல, மண்டைல கொழுப்புக்கு குறைச்சலும் இல்ல. வெள்ளிக்கிழமை காலைல எறங்கினேன். ஏர்போர்ட்லயே மைக்ல சொல்லிட்டே இருக்காங்க, ஒரு நாள் முழுக்க ரெஸ்ட் எடுங்கன்னு, எனக்கோ மூச்சு நல்லாத்தான் வருது, வெயிலும் இதமா இருக்குது, இதுக்கா இவ்ளோ பில்டப்புனு தோணுச்சு. மறுநாள் டிராவல்ஸ்காரர் லேக்கு மேல இருக்கற கர்துங் லா கணவாய்க்கு கூட்டிட்டுப் போறேன்னார், பேக்கேஜ்லயே இருக்குதுன்னார். போனோம். அப்ப மேல இருந்த போர்டுல 18,380 அடினு போட்டிருப்பாங்க, ஜிபிஎஸ்ல அளந்தா 17,600 அடி பக்கம்தான் வரும், ஆனா அங்க நிக்கறவனுக்கு அந்த எண்ணூறு அடி வித்தியாசமெல்லாம் ஒன்னும் தெரியாதுங்க. போர்டு பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு எறங்கறப்பவே பின்மண்டைல யாரோ கட்டைய வச்சு அழுத்தற மாதிரி வலி. ராத்திரி ரெண்டு தடவ வாந்தி. தண்ணி குடிச்சா அதுவும் வெளிய.

காலைல என்ன பண்ணிருக்கணும்? படுத்திருக்கணும். நான் ஷூவ மாட்டிட்டு ஸ்டார்ட்டுக்கு போய் நின்னேன். முதல் பாதி எறக்கம், அதனால பத்து கிலோமீட்டர் எப்படியோ உருண்டுட்டேன், பதினொன்னாவதுல கண்ணு இருட்டி ரோட்டோரம் உக்காந்தவன்தான். வாலண்டியர் பொண்ணு ஒன்னு, காலேஜ் படிக்கற வயசு, ஆக்ஸிமீட்டர மாட்டிப் பாத்துட்டு என்னைய ஆம்புலன்ஸ்ல ஏத்திருச்சு. ரத்தத்துல ஆக்ஸிஜன் 71 சதவீதம்னு காட்டுச்சாம். ஆக்ஸிஜன் வச்ச அரை மணி நேரத்துல உலகமே தெளிவாயிருச்சு, வெக்கமும் சேந்தே வந்துச்சு.

அடுத்த வருஷம் ஒன்பது நாள் முன்னாடி போனேன். முடிச்சேன், 5:52. ஊர்ல ஓடறதவிட ரெண்டே கால் மணி நேரம் ஜாஸ்தி, ஆனா என் ரன்னிங் வாழ்க்கைல நான் ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருக்கற ஒரே மெடல் அதுதானுங்க.

ரூட்டப் பத்தி ஒன்னு சொல்லிடறேன், எல்லாரும் ஏமாறற எடம் அது. லே டவுன்ல ஆரம்பிச்சு சிந்து ஆத்துப் பக்கம் எறங்கும், சோக்லம்சர் வழியா. காத்து ஜில்லுனு, எறக்கம், எதிர்ல ஸ்டோக் மலை பனியோட, ஊர்ப் பசங்க ரோட்டோரம் நின்னு ஜூலே ஜூலேனு (அந்த ஊர் வணக்கம்) கத்தி கை தட்டுவாங்க, உங்களுக்கு றெக்கை மொளைச்ச மாதிரி இருக்கும், அப்ப வேகம் எடுத்தீங்கன்னா செத்தீங்க. ஏன்னா எறங்கின முந்நூறு மீட்டரையும் கடைசில திரும்ப ஏறித்தான் லேக்கு வரணும், ஸ்பிடுக் தாண்டினப்பறம் வெயிலும் ஏறிரும், நிழல்னு ஒரு மரம் இருக்காது. 35 கிலோமீட்டருக்கு மேல நான் ஓடவே இல்ல, நடந்தேன், என்னைச் சுத்தி எல்லாருமே நடந்தாங்க. ஊர்ல இருந்து வந்த ஒருத்தர் கால் கெடியாரத்துல பேஸ பாத்து பாத்து அழுதுட்டே வந்தார்.

(கைக் கெடியாரம்ங்க, கால் இல்ல. எடிட் பண்ண சோம்பேறித்தனம்.)

---

வேலூர் பழைய சிப்பாய்:
தங்கச்சி, நான் மாரத்தான் எல்லாம் ஓடினவன் இல்ல. ஆர்மில 22 வருஷம் சர்வீஸ், அதுல லே பக்கம் ரெண்டு தடவ போஸ்டிங். அதனால ஓட்டத்தப் பத்தி பேசமாட்டேன், அந்த ஊர் காத்தப் பத்தி மட்டும் சொல்றேன்.

பட்டாளத்துல புதுசா வர்ற ஜவான, அவன் எவ்ளோ பெரிய பயில்வானா இருந்தாலும், ஃப்ளைட்ல இருந்து எறங்கின உடனே வேலைக்கு அனுப்ப மாட்டாங்க. 9,000 அடில இருந்து 12,000 அடி வரைக்கும் முதல் ஸ்டேஜ், 6 நாள். லே அந்த ஸ்டேஜ்லதான் வருது. முதல் ரெண்டு நாள் ரெஸ்ட், சாப்பிடு தூங்கு, பாத்ரூம் போ, அவ்ளோதான். மூணாவது நாலாவது நாள் சமதளத்துல மெதுவா நடை. அஞ்சு ஆறு மெதுவா மேட்டுல ஏறி எறங்கறது. அதுக்கு மேல 15,000 அடி வரைக்கும் போகணும்னா இன்னும் 4 நாள், அதுக்கும் மேல போனா மறுபடி 4 நாள். எவனாவது லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தா, எத்தனை நாள் கீழ இருந்தான்னு பாத்து திரும்ப இத செய்யச் சொல்லுவாங்க. இது சும்மா யாரோ எழுதி வச்ச ரூல் இல்லம்மா, ஆள பறிகொடுத்து எழுதின ரூல்.

நான் பாத்த வரைக்கும் முதல்ல விழறவன் யாருன்னா நல்லா ஃபிட்டா இருக்கறவன்தான். தொப்பை வச்ச குக் அண்ணன் மெதுவா நடப்பாரு, அவருக்கு ஒன்னும் ஆகாது. கபடி பிளேயர் முதல் நாளே வாலிபால் ஆடப் போவான், ராத்திரி எம்ஐ ரூம்ல, அதாவது பட்டாளத்து மருத்துவ அறைல கெடப்பான்.

உங்க பிளான்ல வியாழன் எறங்கி ஞாயிறு ஓட்டம்னா நாலாவது நாள். அந்த நாள்ல நாங்க சமதளத்துல மெதுவா நடக்கறதோட சரி.

முடிஞ்சா ஸ்ரீநகர்ல இருந்து ரோட்ல வாங்க. வழில சோஜி லா கணவாய் 3,528 மீட்டர், அத சும்மா தாண்டிப் போயிடுவீங்க, ராத்திரி கார்கில்ல தங்கலாம், அது 2,700 மீட்டர் சுமாரு, உடம்பு மெதுவா பழகும். மணாலி ரோடு பாக்க நல்லா இருக்கும், ஆனா நடுவுல சர்ச்சுங்கற எடத்துல தங்க வைப்பாங்க, அது லேயவிட உயரம், 4,200 மீட்டருக்கு மேல, நிறைய பேருக்கு அங்கதான் தலைவலி புடிக்கும். நேரம் இல்லன்னா ஃப்ளைட்லயே வாங்க, தப்பில்ல, ஆனா நாள் கூட வேணும்.

இன்னொன்னு, போஸ்ட்பெய்ட் சிம் வச்சிக்கங்க. வெளியூர் ப்ரீபெய்ட் அங்க வேலை செய்யாது.

---

மதுரை மயக்கமருந்து:
நான் ஆஸ்பத்திரில அனஸ்தீசியா டாக்டரா இருக்கேன், ஆக்ஸிஜனோடதான் தெனமும் குடித்தனம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல பூண்டு. ரசத்துல போடுங்க, நல்லாருக்கும். அவ்வளவுதான்.

லேல காத்துல ஆக்ஸிஜன் சதவீதம் நம்ம ஊர்ல இருக்குற அதே 21தான், ஆனா காத்தோட அழுத்தமே கடல் மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற ஆக்ஸிஜன் கொறஞ்சு போகும். உடம்பு உடனே என்ன செய்யும்னா வேகமா மூச்சு விடும். வேகமா விட்டா கார்பன் டைஆக்ஸைடு அதிகமா வெளிய போயி ரத்தம் காரத்தன்மைக்கு சாஞ்சிரும், அப்ப மூளை, போதும் மூச்ச கொறைனு பிரேக் போடும். இந்த பிரேக்க எடுத்து விடுறது கிட்னி, பைகார்பனேட்ட சிறுநீர்ல வெளியேத்தி. அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். அந்த நாலஞ்சு நாளத்தான் மேல சிப்பாய் அண்ணன் சொன்ன கணக்குல பட்டாளம் குடுக்குது. சிவப்பணு கூடுறதெல்லாம் வாரக்கணக்கான சமாச்சாரம், அது உங்க ஓட்டத்துக்குள்ள பெருசா நடக்காது.

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, இந்த கிட்னி வேலையத்தான் முடுக்கி விடுது. ஆக்ஸிஜன கூட்டுற மாத்திரை இல்ல, பழகுறத சீக்கிரமாக்குது, அவ்வளவுதான். வழக்கமா 125 மில்லிகிராம் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கிறது. ஆனா சல்ஃபா வகை மருந்துக்கு அலர்ஜி இருந்தா டாக்டர் கிட்ட கேக்காம தொடவே கூடாது, கிட்னி கோளாறு இருந்தாலும் அப்படித்தான். போட்டா விரல் நுனி எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி ஒன்னுக்கு வரும், சோடா குடிச்சா காத்து போன சோடா மாதிரி இருக்கும், கடைக்காரர் கூட சண்டைக்கு போயிராதீங்க. சென்னைலயே ஒரு நாள் போட்டுப் பாத்துட்டு, ஒத்துக்குதானு தெரிஞ்சுக்கிட்டு போறது நல்லது. அதையும் உங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு.

ராத்திரி தூங்கும்போது மூச்சு கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் திடுக்குனு இழுத்து விடும். உயரத்துல நிறைய பேருக்கு வர்றதுதான், பக்கத்துல படுத்திருக்கிற உங்க வீட்டுக்காரர் பயந்துருவாரு, முன்னாடியே சொல்லி வைங்க. தூக்க மாத்திரை வேணாம், தண்ணியும் வேணாம் (அந்த தண்ணி).

அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கு. தலைவலி, பசியின்மை, லேசா குமட்டல், இதெல்லாம் ஓய்வெடுத்தா ஒரு நாள்ல அடங்கும், அடங்குற வரைக்கும் இன்னும் மேல போகக் கூடாது, ஓடவும் கூடாது. ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனா, இருமல் வந்து சளி இளஞ்சிவப்பா நுரையா வந்தா, அது நுரையீரல்ல நீர் கோத்துருச்சுனு அர்த்தம். குதிகால முன் கால் விரல ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க, தள்ளாடுனா, இல்ல பேச்சு கொழறினா, மூளை வீக்கம். ரெண்டுக்கும் ஆக்ஸிஜன், ஆஸ்பத்திரி, கீழ எறங்குறது. காலைல பாத்துக்கலாம்ங்கற பேச்சே கூடாது. இதுல சம்பந்தப்பட்ட ஆளுக்கே தனக்கு ஒன்னும் இல்லைனு தோணும், அதனாலதான் கூட இருக்குறவர் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு சொல்றேன்.

கடைசியா, நீங்க பொம்பளைங்கறதால சொல்றேன், போறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு) டெஸ்ட் எடுங்க. இந்த வயசுல மாசா மாசம் ரத்தப்போக்கு அதிகமா இருந்து இரும்புச்சத்து காலியாக் கெடக்குறது நம்ம பொண்ணுங்ககிட்ட சாதாரணம். ஹீமோகுளோபின் 10ல இருந்துக்கிட்டு 3,500 மீட்டர்ல ஓடுறது, பாதி டேங்க் பெட்ரோல்ல பாதி காத்தோட வண்டி ஓட்டுற கதை.

---

சும்மா ஒரு கருத்து:
எதுக்கு அக்கா இவ்ளோ ரிஸ்க்கு, ஃப்ளைட்டு ரூமுனு ரெண்டு பேருக்கு ஆகற செலவுக்கு மகாராஷ்டிரால சதாரா போங்க, ஹில் ஹாஃப் மாரத்தான் 21 கிலோமீட்டர், மழைக்காலத்துல காஸ் பீடபூமி பக்கம் பச்சைப்பசேல்னு இருக்கும், ஏறிட்டு எறங்கறது, மூச்சும் நல்லா வரும்.

---

மேடவாக்கம் மைனா:
சும்மா கருத்து தம்பி, காசு கட்டியாச்சுப்பா 😄

குருவி தம்பி 71னு படிச்சதும் கை நடுங்கிடுச்சு. சிப்பாய் அண்ணா, ரொம்ப நன்றி, வீட்டுக்காரர்கிட்ட உங்க பதில அப்படியே படிச்சுக் காட்டினேன். டாக்டர் மேடம், நேத்தே டெஸ்ட் குடுத்துட்டேன். ஹீமோகுளோபின் 10.8, ஃபெரிட்டின் 9. கரெக்டா புடிச்சீங்க. எங்க டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. காபி குடிச்ச உடனே போடாதீங்கன்னாங்க, அதுதான் பெரிய தண்டனை.

பயிற்சி பத்தி யாரும் சொல்லலயே?

---

பேர்ண்காரன்:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப இருவது வருசமா சுவிஸில இருக்கிறன். லே பக்கம் வந்ததில்லை, ஆனா இஞ்ச யூங்ஃப்ராவ் மாரத்தான் ரெண்டு தரம் ஓடினனான். இண்டர்லாக்கனில தொடங்கி மலைக்கு மேல போய் முடியிற ஓட்டம், 1993 இல இருந்து நடக்குது. இது உங்கட ஓட்டத்துக்கு நேர்எதிர். இஞ்ச காத்து பிரச்சினை இல்லை, முடியிற இடமே 2,300 மீற்றர் அளவுதான், சாய்வுதான் ஆளைக் கொல்லும். முதல் 25 கிலோமீற்றர் பெரிசா ஏத்தம் இல்லை, லவுட்டர்புறுன்னன் தாண்டினாப் பிறகு வெங்கன் ஊருக்கு ஏறுற பாதை சுவர் மாதிரி நிக்கும்.

நான் முதல் தரம் போகேக்க நடந்தா மானம் போயிடும் எண்டு நினைச்சு அதிலயும் ஓடினன். பக்கத்தில அறுவது வயசு மதிக்கத்தக்க ஒரு சுவிஸ் அம்மா ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டி விறு விறு எண்டு நடந்து என்னை முந்திக்கொண்டு போறா. அவவுக்கு மூச்சும் வாங்கேல்லை. அடுத்த வருசம் நானும் நடந்தன், 25 நிமிசம் குறைஞ்சுது.

அதால அக்கா, நடக்கிறதையும் பழகுங்கோ. ட்ரெட்மில்லில சாய்வை 12 சதவீதத்தில வைச்சு ஒரு மணித்தியாலம் வேகமா நடவுங்கோ, பிடிக்கிற கம்பியில கை வைக்கக் கூடாது. உங்கட கடைசி ஏத்தத்துக்கு அது உதவும்.

---

கோயமுத்தூர் குருவி:
பேர்ண் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் ரெண்டாவது தடவ போறதுக்கு முன்னாடி வாரம் ஒரு நாள் மருதமலைப் படிதான். உங்களுக்கு சென்னைல பரங்கிமலை இருக்குதே, நூத்துக்கு மேல படி, பத்து ரவுண்டு ஏறி எறங்கினா தெரியும். ஃப்ளைஓவர் மோசம்னு சொல்லல, ஆனா அதோட மேடு மூணு நிமிசத்துல முடிஞ்சிரும், லாரிக்காரங்களுக்கு நாம தெரியறதும் இல்ல.

மாசத்துக்கு ஒரு தடவ ஏலகிரி போங்க. ஜோலார்பேட்டை வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பொன்னேரில எறங்கிட்டா 14 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு வள்ளல் பேரும் புலவர் பேரும் வச்சிருப்பாங்க, கபிலர்ல மூச்சு வாங்கி பாரில உக்காந்துக்கலாம். ஏறறத நடந்தும் ஓடியும் கலந்து பண்ணுங்க, எறக்கத்த மட்டும் கட்டாயம் ஓடுங்க. ஏன்னா எறக்கம்தான் தொடைய கிழிக்கும், நீளமான எறக்கத்துல ஒரு தடவ ஓடி நாலு நாள் படில எறங்க முடியாம அவஸ்தைப்பட்டாதான் அடுத்த தடவ தொடை தாங்கும், அந்த வலிய ஊர்லயே வாங்கிக்கங்க, லேல போய் வாங்கக் கூடாது. 70 வளைவு வேணும்னா கொல்லிமலை இருக்குது, ஆனா அதுக்கு இப்ப போகாதீங்க.

ஏலகிரி 1,100 மீட்டர்தான், ஊட்டி கூட 2,240தான், அங்க ரெண்டு நாள் தங்கினா லேக்குப் பழகிருவோம்னு நெனச்சுக்காதீங்க. அது காலுக்கு, மூச்சுக்கு இல்ல.

அப்புறம் வாட்ச்ல பேஸ் ஸ்க்ரீன (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிசம்னு காட்டறது) எடுத்துருங்க. பேசிட்டே ஓட முடியுதா, அதுதான் வேகம். நான் ரெண்டாவது தடவ வாய்க்குள்ள பாட்டு பாடிட்டே ஓடினேன், பாட்டு அறுந்துச்சுன்னா நடை. காத்து காஞ்சு கெடக்கும், வேர்வை உடம்புல நிக்கவே நிக்காது, நம்ம ஊர்ல பனியன் பிழியற அளவுக்கு வேர்த்துப் பழகினதால அங்க வேர்க்கலன்னு நெனச்சு தண்ணி குடிக்காம விட்டுருவோம். உதடு வெடிக்கும், மூக்குல ரத்தம் வரும், தேங்காண்ணெய் ஒரு டப்பா வச்சுக்கங்க. காலைல ஸ்டார்ட்ல பல்லு கிட்டிக்கற குளிரு, பத்து மணிக்கு தோல உரிக்கற வெயிலு, தொப்பி இல்லாம ஓடாதீங்க.

ஓடறப்ப தெம்புக்கு சாப்பிடற ஜெல் எனக்கு அங்க உள்ள எறங்கவே இல்ல, பசியே வராதுங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்தான் காப்பாத்துச்சு, சின்னச் சின்னதா உடைச்சு பாக்கெட்ல போட்டுட்டு, நாலு கிலோமீட்டருக்கு ஒரு துண்டு.

---

வேலூர் பழைய சிப்பாய்:
கடலை மிட்டாய் நல்ல ஐடியா. எங்களுக்கும் வீட்ல இருந்து பார்சல் வரும், குளிர்ல கல்லு மாதிரி ஆயிடும், பல்லு ஜாக்கிரதை. அங்க தர்ற உப்பு போட்ட வெண்ணெய் டீ முதல் வாய்க்கு ஒமட்டும், டீனு நெனைக்காம சூப்புனு நெனச்சு குடிம்மா.

---

மேடவாக்கம் மைனா:
கடைசி அப்டேட். மேனேஜர்கிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டேன், வீட்லருந்து வேலை ரெண்டு நாள், மிச்சம் லீவு. முந்தின வாரம் சனிக்கிழமையே எறங்கறோம், அடுத்த வாரம் ஞாயிறு ஓட்டம், நடுவுல முழுசா ஏழு நாள். சனி ஞாயிறு ரூம விட்டு வெளிய வரமாட்டேன், செவ்வாய்ல இருந்து மெதுவா நடை, வியாழன் வரைக்கும் சின்ன மேடு, அதுக்கப்புறம் ஓட்டம் வரைக்கும் சும்மா. கர்துங் லா போர்டு ஃபோட்டோ ஓட்டம் முடிஞ்சு திங்கக்கிழமைதான். வீட்டுக்காரர் ஹால்ல குதிகால ஒட்டி வச்சு நேர்கோட்டுல நடந்து பழகறார், என்னையும் தெனம் நடக்க வச்சு மார்க் போடறார், லே போறதுக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும்.

பரங்கிமலை நாளைக்கு காலைல ஆரம்பம். அஞ்சரைக்கு யாராவது அந்தப் பக்கம் வர்றீங்கன்னா சொல்லுங்க, இருட்டுல தனியா படி ஏற ஒரு மாதிரி இருக்கு.

---

சும்மா ஒரு கருத்து:
நான் ஆலந்தூர்தான் அக்கா. வர்றேன். ஓட மாட்டேன், நடப்பேன்.